எல்லோருக்கும் விளங்கிய வகுப்பு

முன்வரிசை அலுவலர்களுக்கு, பின்வரிசை மாணவர்களுக்கு என்று யாரும் சட்டம் போடவில்லை. பல்கலைக்கழக வளாகத்தின் ஆய்வுகூடத்தில் கணினிப் பயிற்சிநெறி தொடங்கிய முதல் சனிக்கிழமையே அது அப்படி அமைந்துவிட்டது. பணிமனை எழுதுநர்களும் நூலகத்து ஆட்களும் குளிரூட்டிக்குக் கிட்டப் போய் இருந்தார்கள். மாணவர்கள் கதவுப் பக்கம் இருந்தார்கள். நடுவில் ஒரு வரிசைக் கதிரைகள் கடைசிவரை வெறுமையாகவே கிடந்தன.

படிப்பிக்க வந்தவர் ருவன் சேர். கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பொறுப்பான பதவியில் இருப்பவர். பயிற்சிக்குச் செலவழித்ததும் அந்த நிறுவனந்தான். வெள்ளி இரவு ரயிலேறி விடிய முன்னர் கிளிநொச்சியில் இறங்குவார். நிலையத்துக்கு எதிர்க் கடையில் தோசை சாப்பிட்டுவிட்டு, ஆய்வுகூடக் கதவு திறக்க முன்னரே வந்து வாசலில் நிற்பார். நல்ல மனிதர். தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் படிப்பித்தார், அதுவும் வேகமாக. ஒவ்வொரு பகுதி முடிவிலும் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, "ஓகே? கிளியர்?" என்று கேட்பார்.

"யெஸ் சேர்" என்று இரண்டு பக்கமும் சேர்ந்து சொல்லும்.

விளங்கவில்லை என்று சொன்னால் அது படிப்பித்தவரைக் குறை சொன்னதாகிவிடும். அதுவும் இவ்வளவு தூரம் நித்திரை முழித்து வருகிற மனிதரை. இதை அங்கிருந்தவர்களுக்கு யாரும் தனியாகச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. முதலாம் வகுப்பிலிருந்தே அவர்கள் அப்படித்தான் சொல்லி வந்தார்கள்.

சுகந்தினி அந்த ஆய்வுகூடத்தின் தற்காலிகப் போதனாசிரியர். புரொஜெக்டரைப் போடுவது, நின்றுபோன கணினியைத் திரும்ப இயக்குவது, பக்கத்தில் வந்து நின்று பிழை பார்ப்பது அவளுடைய வேலைகள். அதே வளாகத்தில் படித்துப் பட்டம் பெற்றவள். ஊர் உருத்திரபுரம். பட்டம் பெற்ற பிறகு சந்தியிலுள்ள போட்டோக்கொப்பிக் கடையில் மற்றவர்களுடைய விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்துதான் இந்த வேலைக்கு வந்தாள். ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டப்படும். இனி நீட்ட முடியாது என்று பணிமனையில் சொல்லியிருந்தார்கள். பயிற்சிநெறி முடிகிற மாதந்தான் அவளுடைய ஒப்பந்தமும் முடிகிற மாதம்.

இரண்டாம் சனிக்கிழமை ருவன் சேர் ரயிலுக்குப் போன பிறகு, பணிமனையின் மூத்த எழுதுநர் யோகலிங்கம் தயங்கித் தயங்கி ஆய்வுகூடத்துக்குள் வந்தார். வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, நான் கேட்டனான் எண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும். உந்தாள் காலமையிலையிருந்து லூப், லூப் எண்டு நிக்கிறார். அதென்ன கண்டறியாத சாமான்?"

"அண்ணைக்கு வயல் இருக்குத்தானே?"

"இருக்கு. வாய்க்கால் கடைசியிலை. தண்ணி வந்து சேர வெள்ளாமையே முடிஞ்சிடும்."

"முறை வைச்செல்லே மடை திறக்கிறவை? முதல் வயலுக்குத் திறந்து, நிரம்பினவுடனை மூடிப்போட்டு அடுத்த வயல். வேலை ஒண்டுதான், வயல்தான் மாறுது. கடைசி வயலோடை நிப்பாட்டுவினம். லூப் எண்டா அவ்வளவுதான்."

யோகலிங்கம் நாடியைத் தடவினார். "அப்ப, நிக்காமல் சுத்திக்கொண்டே இருக்கும் எண்டு அந்தாள் ஒண்டு சொன்னாரே?"

"மடை மூடுற ஆள் வரேல்லை எண்டு அர்த்தம்."

"எங்கட வாய்க்காலிலை அது ஒவ்வொரு போகமும் நடக்கிறதுதான்!" அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இதை அந்தாள் காலமையே சொல்லியிருக்கலாமே."

"சேர் சொன்னவர் அண்ணை. இங்கிலீசிலை."

அடுத்த கிழமை அவர் பணிமனை ஆட்கள் நாலைந்து பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். பதவி உயர்வுக்கு இந்தச் சான்றிதழ் வேண்டும். மாணவர் பதிவு முழுவதும் புதிய மென்பொருளுக்கு மாறப்போகிறது, அதைக் கட்டி மேய்க்கப் போவதும் அவர்கள்தான். யோகலிங்கம் முப்பது வருடம் அலுவலகக் கடிதம் தட்டச்சுச் செய்த கைக்காரர். தன்னுடைய முதலாவது புரோகிராமின் மேல் வரியிலும் திகதியும் கோவை இலக்கமும் இட்டுத் தலைப்பை நடுவில் வைத்திருந்தார். கணினி ஏற்கமாட்டேன் என்றது. "மரியாதை தெரியாத சாமான்" என்று அவர் திட்ட, எல்லோரும் சிரித்தார்கள். சுகந்தினி ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து தமிழில் சொல்லிக் கொடுத்தாள்.

"ஒரேயொரு கதை, தங்கச்சி" என்றார் யோகலிங்கம் போகும்போது. "பெடி பெட்டையளுக்கு இது தெரியக்கூடாது. நாளைக்குக் கவுண்டரிலை வந்து நிக்கேக்கை எங்களை மதிக்குங்களே?"

அவள் சரி என்றாள்.

திங்கட்கிழமை பின்னேரம் மாணவர்கள் வந்தார்கள். முன்னால் வந்தவள் மேனுகா. பூவரசங்குளத்துப் பிள்ளை. அவளுடைய ஆட்கள் மலையகத் தோட்டத்திலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். தாய் இன்னும் மற்றவர்களுடைய நிலத்தில் கச்சான் கடலை பிடுங்கப் போகிறவர். "தோட்டக்காட்டுக்கு என்னத்துக்குக் கம்பியூட்டர்?" என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் வகுப்பு முழுக்கக் கேட்கச் சொன்னாராம். அதற்குப் பிறகு எந்த வகுப்பிலும் எந்தக் கேள்விக்கும் தெரியாது என்று தான் சொன்னதில்லை என்று மேனுகாவே சுகந்தினியிடம் சொல்லியிருக்கிறாள்.

"மிஸ், சேர் போற வேகத்துக்கு எங்களாலை ஏலாமல் கிடக்கு. ஆனா ஒஃபிஸ் ஆக்களுக்கு எல்லாம் விளங்குது போலை. யோகலிங்கம் சேர் முன்னுக்கிருந்து தலையை ஆட்டிக்கொண்டெல்லே இருக்கிறார்."

சுகந்தினிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"டிகிரி படிக்கிற நாங்கள் விளங்காமல் இருக்கிறம் எண்டு அவையளுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும். நீங்கள் சொல்லிப்போடாதேங்கோ மிஸ்."

அதற்கும் சரி என்றாள்.

இப்படியாகப் பயிற்சிநெறி மூன்று வகுப்புகளாக நடந்தது. சனி பகல் ருவன் சேருடையது. சனி பின்னேரம் அலுவலர்களுடையது. திங்கள் பின்னேரம் மாணவர்களுடையது. முதலாவதைத்தான் எல்லோருக்கும் தெரியும். ருவன் சேர் கொடுத்த பயிற்சிகளை இரண்டு பக்கமும் ஒழுங்காகச் செய்து அனுப்ப அனுப்ப, அவர் மகிழ்ச்சியில் இன்னும் வேகமாகப் படிப்பித்தார். சுகந்தினி உருத்திரபுரத்துக்குப் போகிற கடைசிக்கு முந்தின பஸ்ஸை விட்டுக் கடைசி பஸ்ஸில் போகத் தொடங்கினாள். அதை அவள் பெரிதாக எடுக்கவில்லை. அந்த வளாகத்தில் அவளைத் தேடி ஆட்கள் வந்த காலம் அதுதான்.

பயிற்சி முடிய இரண்டு கிழமை இருக்கும்போது, கணினிப் பிரிவின் தலைவர் விமலேஸ்வரி மேடம் அவளைக் கூப்பிட்டார்.

"சுகந்தினி, இரும். ஒரு நல்ல விசயம். இதே பாடத்தைத் தமிழிலை ஆறுதலாத் திரும்ப நடத்த ருவன்ரை நிறுவனத்துக்காரர் யோசிக்கினம். இங்கத்தையாள் ஒருத்தரைப் போதனாசிரியராப் போட்டு, ரண்டு வருச ஒப்பந்தத்திலை. நான் உம்மடை பேரைத்தான் சொல்லியிருக்கிறன்."

சுகந்தினி கதிரையின் விளிம்புக்கு வந்தாள்.

"ஆனா ஒண்டு. பங்குபற்றினவை தங்களுக்குத் தமிழிலை வேணும் எண்டு கேக்கவேணும். கடைசி நாள் ருவன் எல்லாரிட்டையும் நேரை கேப்பார். கையை உயர்த்தினாச் சரி. கேட்பினம்தானே?"

"கேட்பினம் மேடம்" என்றாள் அவள். கேட்க மாட்டார்கள் என்று நினைக்க அவளுக்குக் காரணமே இருக்கவில்லை.

அன்றைக்கே யோகலிங்கத்திடம் சொன்னாள். "இதென்ன கேள்வி? கையென்ன, ரண்டு காலையும் தூக்கிறன்" என்றார் அவர். மேனுகா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் மிஸ் முதலாவது" என்றாள். நீங்கள் உயர்த்துவதற்கு முன் அவர்கள் உயர்த்துவார்கள், அவர்களும் உங்களைப் போலத்தான் என்று இரு பக்கத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரு பக்கத்துக்கும் கொடுத்த வாக்கு இருந்தது. அவள் சொல்லவில்லை.

கடைசிக் கிழமைக்கு முதற் கிழமை ருவன் சேர் ஒரு செய்தி சொன்னார். இந்த அணியிலிருந்து ஒன்றிரண்டு பேரைத் தங்கள் நிறுவனத்துக்குப் பயிலுநர்களாக எடுக்க நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்களாம். மேனுகாவுக்கு அன்று முழுவதும் கால் நிலத்தில் படவில்லை. நன்றியுரையும் அவள்தான் சொல்ல வேண்டும், ஆங்கிலத்தில். எழுதித் தரச் சொல்லிச் சுகந்தினியிடம் வந்தாள்.

சுகந்தினி கணினிக்கு முன் இருந்து ஒரே மூச்சில் தட்டச்சு செய்தாள். வரவேற்று, வணங்கி, பயண அலுப்பையும் பாராது வந்தமைக்கு நன்றி கூறி, விரிவுரைகள் மிகத் தெளிவாக இருந்தன, மொழி எங்களுக்கு ஒரு தடையாகவே இருக்கவில்லை என்று எழுதினாள். நன்றியுரை என்றால் அப்படித்தான் எழுதுவது. வேறு விதமாக எழுதப்பட்ட நன்றியுரையை அவள் எங்கும் கேட்டதில்லை. என்ன எழுதுகிறோம் என்று ஒரு கணம் கூட யோசிக்கவில்லை. அச்செடுத்து, கடினமான சொற்களுக்கு மேலே உச்சரிப்பைத் தமிழில் எழுதியும் கொடுத்தாள்.

முடிவு விழாவுக்கு ஆய்வுகூடத்தில் குத்துவிளக்கு வைத்தார்கள். ருவன் சேருக்கு மாலை போட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். மேனுகா சேலை உடுத்து வந்து பேசினாள். ஒரு சொல் தட்டவில்லை. மொழி எங்களுக்குத் தடையாகவே இருக்கவில்லை என்ற இடம் வந்தபோது பின்வரிசையில் கைதட்டல் எழுந்தது, முன்வரிசையும் சேர்ந்துகொண்டது. ருவன் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

புரொஜெக்டருக்குப் பக்கத்தில் நின்ற சுகந்தினிக்கு, தான் எழுதிக் கொடுத்தது என்னவென்று அப்போதுதான் உறைத்தது.

ருவன் சேர் எழுந்தார். நிறுவனத்துக்குத் தான் ஒரு பதில் கொண்டுபோக வேண்டும் என்றார். இதே பாடம் தமிழில் திரும்ப வேண்டும் என்பவர்கள் கையை உயர்த்தலாம், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். மேடம் அதைத் தமிழிலும் சொன்னார். "தமிழிலை திரும்பப் படிக்க விருப்பமானாக்கள் கையை உயர்த்துங்கோ."

யோகலிங்கத்தின் கை மடியிலிருந்து எழுந்தது. எழுந்த கையோடு அவர் பின்னால் திரும்பி மாணவர்களைப் பார்த்தார். மாணவர்கள் எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இவர் ஏன் திரும்பிப் பார்க்கிறார், எங்களில் யாருக்கு விளங்கவில்லை என்று கணக்கெடுக்கவா என்பதுபோல. அந்தக் கை காதுவரை போய், காதின் பின்பக்கத்தைச் சொறிந்துவிட்டு இறங்கியது. மேனுகா மேசைக்குப் பக்கத்தில் நின்று தன் சேலை மடிப்பைச் சரிசெய்தாள். வேறு ஒரு கையும் எழவில்லை.

"எனக்குத் தெரியும்" என்று ருவன் சேர் ஆங்கிலத்தில் சொன்னார். "மிகவும் கெட்டிக்கார அணி." அவருடைய முகத்தில் பொய் ஒன்றும் இல்லை.

மேடம் சுகந்தினியைப் பார்த்தார். "நீர் ஏதும் சொல்லுறீரோ?"

எல்லோரும் கேட்கட்டும் என்றுதான் அவள் தமிழில் சொன்னாள். "மேடம், இவையளுக்கு விளங்கேல்லை. ஒவ்வொரு கிழமையும் நான்தான் திரும்பச் சொல்லிக் குடுத்தனான். முன்வரிசைக்கும் குடுத்தனான், பின்வரிசைக்கும் குடுத்தனான்."

மேடத்தின் முகம் சுருங்கியது. அது அவருடைய பிரிவு. வந்த விருந்தாளியும் அவருடையவர். பங்குபற்றியவர்களுக்குத் தானும் துணையாக நின்றதாக இவர் சொல்கிறார் என்று ருவன் சேருக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

"இல்லை" என்றாள் சுகந்தினி. பிறகு தானே ஆங்கிலத்தில் சொன்னாள். சேர், அவர்களுக்கு விளங்கவில்லை.

ருவன் சேர் அடிவாங்கியவர் போல நின்றார். சபையைப் பார்த்துக் கேட்டார், "இஸ் இற் ட்ரூ?"

"நோ சேர்!"

இத்தனை சனிக்கிழமையும் சொன்ன "யெஸ் சேர்" ஒன்றும் அவ்வளவு சத்தமாக இருந்ததில்லை.

பிறகு சான்றிதழ் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். படம் எடுக்கக் கூப்பிட்டவர்கள் சுகந்தினியைக் கூப்பிடவில்லை. தேத்தண்ணி மேசையடியில் யோகலிங்கம், கையில் பாதி கடித்த றோல்சோடு அவளிடம் வந்தார்.

"என்ன வேலை பாத்தனீர்? அவ்வளவு பெடியளுக்கு முன்னாலை எங்களை உரிஞ்சு விட்டிட்டீரே."

"நீங்கள் கை உயர்த்துறன் எண்டு சொன்னனீங்கள் அண்ணை."

"உயர்த்தத்தான் பாத்தனான். ஒரு குஞ்சும் உயர்த்தேல்லை. நான் மட்டும் உயர்த்தி, நாளைக்கு என்ரை மேசையிலை வந்து 'யெஸ் சேர்' எண்டு பகிடி விடுறதுக்கே?"

"அவையளும் உங்களைத்தான் பாத்துக்கொண்டிருந்தவை."

"விசர்க்கதை கதையாதையும். அந்தப் பெட்டை இங்கிலீசிலை வெளுத்து வாங்கினதைக் கேட்டனீர்தானே?"

அவர் அடுத்த றோல்சை எடுக்கப் போனார்.

மேனுகா அவளைத் தேடி வரவில்லை. சுகந்தினிதான் போனாள். மேனுகா அழுதிருந்தாள். ஆனால் பேச்சில் தடுமாற்றம் இல்லை.

"மிஸ், வாற புதன்கிழமை எனக்கு நேர்முகம். சேர்தான் இருப்பார். அவருக்கு முன்னாலை விளங்கேல்லை எண்டு கை உயர்த்தினா என்னை எடுப்பாரோ? நீங்களே சொல்லுங்கோ."

 அந்தப் பிள்ளை சொன்னது சரியாகவே இருந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

ஆட்கள் கலைந்த பிறகு மேடம் அவளை ஒருபக்கம் கூப்பிட்டார். "நீர் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. அந்தாளின்ரை முகத்தைப் பாத்தனீரோ? சரி, விடும். வெள்ளிக்கிழமை பின்னேரந்தான் நான் என்ரை அறிக்கையை அனுப்புவன். ஆரும் ரண்டு பேர் என்னட்டை வந்து வாயாலை சொன்னாலே காணும். பேர் போடமாட்டன்."

அந்தக் கிழமை முழுவதும் சுகந்தினி யாரிடமும் போய்க் கெஞ்சவில்லை. தானாக வருவார்கள் என்று பார்த்தாள். மேனுகா கொழும்புக்குப் போய்விட்டு வந்தாள். பணிமனையில் புதிய மென்பொருளைப் போட்டார்கள். மேடத்தின் அறைக்கு யாரும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை, அவளுடைய கடைசி வேலைநாள், பின்னேரம் யோகலிங்கம் மடிக்கணினியைக் குழந்தைப்பிள்ளை போல அணைத்துக்கொண்டு வந்தார். கூட மூன்று எழுதுநர்கள்.

"தங்கச்சி, கோவம் இருந்தா அதை ஒரு பக்கம் வையும். புதுச் சாமான் பிள்ளையளின்ரை பதிவை ரண்டு ரண்டாக் காட்டுது. திங்கக்கிழமை கவுண்டர் திறக்கவேணும்."

அவர் சொல்லி முடிக்கும் முன்னர் கதவைத் தள்ளிக்கொண்டு மேனுகாவும் இன்னும் சில மாணவர்களும் வந்தார்கள். "மிஸ், இரண்டாவது நேர்முகத்துக்கு ஒரு பயிற்சி தந்திருக்கினம், ஒண்டுமே..." என்று தொடங்கியவள் முன்னால் இருந்தவர்களைக் கண்டு நின்றாள்.

இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்தன. யோகலிங்கத்தின் வாய் மெல்லத் திறந்தது.

"பிள்ளையள், அண்டைக்குத் தங்கச்சி சொன்னது மெய்யே? நீங்களுமோ?"

"சேர், நீங்களுமோ?"

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. சிரிப்பு அறை முழுவதும் பரவியது. "நீங்கள் தலையாட்டினதைப் பாத்து நாங்கள் பயந்து செத்தம் சேர்." "உங்கடை இங்கிலீசைக் கேட்டு நாங்களெல்லே பயந்தது!" ஒரு எழுதுநர் நடு வரிசைக் கதிரைகளை இழுத்துவிட்டார். எல்லோரும் கலந்து இருந்தார்கள். யோகலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி தங்கச்சி, இனி மறைக்க என்ன கிடக்கு? ஒரே வகுப்பாத் துவங்கும்" என்றார்.

சுகந்தினி சிரிக்கவில்லை.

"அண்ணை, எனக்கு இண்டையோடை வேலை முடியுது."

"தெரியும். அதுக்கென்ன? சனிக்கிழமையிலை நீர் வீட்டிலை சும்மாதானே இருப்பீர். வந்து சொல்லித் தாரும். பஸ் காசை நாங்கள் சேத்துத் தாறம், என்ன பிள்ளையள்?"

"ஓம் மிஸ், ஓம் மிஸ்" என்றார்கள் மாணவர்கள்.

"அது தேவையில்லை" என்றாள் சுகந்தினி. "மேடம் இன்னும் தன்ரை அறையிலைதான் இருக்கிறா. கொழும்புக்கு அனுப்புற அறிக்கை இன்னும் போகேல்லை. ரண்டு பேர் போய் வாயாலை சொன்னாக் காணுமாம், பேர்கூடப் போடமாட்டாவாம். இந்த நடையிலை ஆறாவது கதவு. போயிட்டு வாங்கோ. நான் இஞ்சையே இருக்கிறன்."

சிரிப்பு நின்றது.

"இப்பவோ?" என்றார் யோகலிங்கம்.

"இப்பதான்."

அவர் பக்கத்திலிருந்த எழுதுநரைப் பார்த்தார். அவர் தன் மடிக்கணினித் திரையைப் பார்த்தார். "மேடத்துக்கு முன்னாலை போய் என்னெண்டு... போன கிழமைதானே 'நோ சேர்' எண்டனாங்கள்" என்று யாரோ முணுமுணுத்தார். மேனுகா தலையைக் குனிந்து கைபேசியை வெறுமனே தட்டிக்கொண்டிருந்தாள். "மேடம்தான் மிஸ் எனக்குப் பரிந்துரை எழுதினவா" என்றாள், மெதுவாக.

 நடையில் ஒரு கதவு பூட்டப்படும் ஓசை கேட்டது. குதிச் சப்பாத்தின் சத்தம் அவர்களுடைய வாசலைக் கடந்து போனது. வெளியே கார் ஸ்டார்ட் ஆகி, வளைந்து, பெருவழி ஏறியது. அதுவரை ஒருவரும் கதிரையிலிருந்து எழவில்லை.

கார்ச் சத்தம் அடங்கியதும் யோகலிங்கம் பாதி எழுந்தார். "சா, மேடம் போட்டாவே! நான் இப்ப எழும்பத்தான் வெளிக்கிட்டனான்." திரும்ப இருந்தார். "சரி, இனி என்ன செய்யிறது. தங்கச்சி, இதொருக்காப் பாரும், ஏன் ரண்டு ரண்டாக் காட்டுது?"

சுகந்தினி பையிலிருந்து ஆய்வுகூடக் கதவின் திறப்பை எடுத்து மேசையில் வைத்தாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். மடிக்கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்த அவர்கள், கை கழுவத்தான் போகிறாள் என்று நினைத்துப் பொறுத்திருந்தார்கள்.